இறங்காத சீட்டு

14.6.88, செவ்வாய்

இன்று சைக்கிள் சீட்டுக் கம்பியை வெல்டிங் வைத்து நிறுத்திவிட்டேன்.

வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள். விடிகாலையில் பால்கோவா கடைக்குப் பால் எடுக்க நான் கொண்டுபோவேன். மத்தியானம் தம்பி அதில்தான் ராஜபாளையம் மில்லுக்குப் போவான். அவனுக்குக் குட்டைக் கால். தன் வசதிக்குச் சீட்டை இறக்கிக்கொள்வான், திரும்பி வந்து ஏற்றி வைக்க மாட்டான். இன்று ஸ்பேனரும் கிடைக்கவில்லை. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்கப் பால் கேனோடு போய் வந்தேன்.

அந்தக் கோபத்தோடு பட்டறைக்குப் போய்ச் சீட்டை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"பொறவு எறக்க ஏலாதுண்ணே," என்றான் வெல்டர்.

"எறக்க வேண்டாம். வையி."

மத்தியானம் தம்பி தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான்.

"எம்புட்டு தூரம் மிதிக்கணும்னு ஒனக்குத் தெரியும்லண்ணே?"

"ஒங்காலு குட்டைன்னா நான் என்னலே செய்ய?"

அவன் பெண்டாட்டி காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

வாசற்படியில் கால் வைத்து ஏறினான். பெடல் எட்டாமல் இடுப்பை இருபக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்துப் போனான். தெருமுனை திரும்பும்வரை பார்த்துச் சிரித்தேன்.

பட்டறையிலிருந்து வரும்போதே எனக்குத் தெரியும். கோபத்தில் அளவு பார்க்காமல் தூக்கிவிட்டேன். எனக்கே அது நாலு விரல் கூடுதல் உயரம். நாளைக் காலையில் அவன் வாசலில் நின்று பார்ப்பான். நானும் இடுப்பை ஆட்டிக்கொண்டுதான் போகவேண்டும். கேட்டால், அளவாக இருக்கிறது என்றுதான் சொல்வேன்.