சுகம் என்று எழுத மாட்டேன்

வோபர்ன்
ஒக்ரோபர் 9

அன்புள்ள பிரியந்தன் அண்ணாவுக்கு,

மிளகாய்த்தூள் பார்சலுக்குள் அம்மா வழக்கமாக வைக்கும் கடிதம்தான் இது, ஆனால் இந்த முறை அம்மா சொல்ல உங்கள் தங்கை துர்க்கா எழுதுகிறேன், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் நல்ல சுகம், நீ சுகமோ எண்டு கேட்டு எழுது" என்று அம்மா தொடங்கினார். நீங்கள் சுகமா? நான் சுகம். அம்மாவைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

"சும்மா வெளியிலை நடக்கிறதை எழுதன்" என்கிறார். சரி. மரமெல்லாம் சிவந்துவிட்டது. முன்வீட்டுக்காரர் தலையில் கம்பளித் தொப்பியும் கீழே கட்டைக் காற்சட்டையுமாக நடக்கிறார், ஒரே ஆளில் இரண்டு பருவகாலம். பக்கத்து வீட்டு இரத்தினவேல் அங்கிள் மெஷினால் தன் இலைகளை எங்கள் பக்கம் ஊதுகிறார், பின்னேரக் காற்று அவற்றைத் திருப்பிக் கொடுக்கிறது, "உந்தக் காத்துக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று எங்கள் யன்னலைப் பார்த்துக் கேட்கிறார். வீட்டுப் படிகளில் பேய்த் திருநாளுக்கென்று கண் மூக்கு வெட்டி வைத்திருக்கும் பூசணிகளைப் பார்த்து, "கறிக்கு ஆகிறதை உப்பிடிப் பழுதாக்குதுகள்" என்று அம்மாவுக்குக் கவலை. ஒன்றின் மூக்கை அணில் தின்றுவிட்டது. அணில் அம்மாவின் கட்சி.

இனி வருவது அம்மா எழுத வேண்டாம் என்று சொன்னது. சனிக்கிழமை, குளிருக்கு முன் கறிவேப்பிலைக் கன்று நிற்கும் சாடியை உள்ளே கொண்டுவர அம்மா தனியே தூக்கி, ஈர இலையில் வழுக்கி விழுந்துவிட்டார். சாடிக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் வலது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு, பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் நேர்ஸ் "ஃபோல்?" என்று கேட்டார். இந்த ஊரில் விழுவதற்கும் இலையுதிர்காலத்துக்கும் ஒரே சொல் அல்லவா, அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு "யெஸ், வெரி பியூட்டிஃபுல்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தேன், அம்மாவும்தான். ஆறு கிழமை அந்தக் கையால் ஒன்றும் செய்யக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் திங்கட்கிழமையிலிருந்து பேக்கரிக்கு வேலைக்குப் போகிறார், மாப் பிசைய இடக்கை போதுமாம். "அவனுக்குச் சோதனை, தெரிஞ்சா விட்டிட்டு ஓடி வருவான்" என்கிறார். அண்ணா, ஓடி வராதீர்கள், சோதனையை எழுதுங்கள். ஆனால் எட்மன்டனிலிருந்து போன் எடுத்து, வேலைக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் "நீ என்ன எனக்கு அம்மாவோ?" என்று கேட்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இவ்வளவையும் வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். "கிழியடி" என்றார். மாட்டேன் என்றேன். பிறகு, "இஞ்சை தா, நானே கையெழுத்துப் போடுறன், எனக்கு ஒண்டுமில்லையெண்டு அவனுக்கு விளங்கட்டும்" என்று பேனாவைப் பறித்தார்.

பிள்ளையார் உங்களுக்குத் துணையிருக்கட்டும், காதை மூடித் தொப்பி போடுங்கள், தூள் போத்தலுக்குள் ஈரக் கரண்டி விடாதீர்கள். இவை அம்மா சொன்னவை, உண்மையும்கூட.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகராணி

மேலே இருப்பது அணில் கீறியது அல்ல, அம்மாவின் இடக்கைக் கையெழுத்து. நான் இன்னும் எழுதிவிடுவேன் என்று இப்போது லைற்றையும் அணைத்துவிட்டார். முழங்கையால்.