பந்தைத் தரையில் வைத்தவனுக்கு

சந்தியில் உன் படம் தொங்குகிறது, மச்சான். ஆள் உயரத்துக்குப் பெரிய பெனர். போன கிழமை காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவன் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக நீ கடைசிக் காலத்தில் எடுத்த படம். உன்னைப் புத்தளத்தில் தொங்கவிட்டிருக்கிறார்களே, இந்த ஊருக்கும் கொஞ்சம் நன்றி இருக்கிறதே என்று மனம் குளிர்ந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற திரீவீல்காரனிடம் கேட்டேன்.

“இதுல என்னத்த எழுதி ஈக்கி மகன்? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

அவன் வாசித்தான். “நோன்பு திறந்த கப்டன் ஞாபகார்த்தக் கிண்ணம். கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி.” வாசித்துவிட்டுச் சிரித்தான். “ஆள் சரியான பகிடியாம் மாமா. நோன்பு திறக்கிற வெடிய ஆட்டம் முடிஞ்ச விசில் என்டு நெனச்சி பந்தக் கீழ வெச்சிட்டாராம். கைக்கு வந்த கப் போச்சாம்.”

“ஒங்கட வாப்பா மவுத்தானா இப்பிடி எழுதித் தொங்கவிடுவீங்களா?”

அவன் முகம் சுருங்கிப் போய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய வாப்பாவே அந்த ஆட்டத்தின்போது பிறந்திருக்கமாட்டார். நீ போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான். அதற்குள் அந்தப் பொய்க்குப் புது வாய்கள் கிடைத்துவிட்டன.

அன்றிலிருந்து எரிகிறது எனக்கு. அதனால்தான் இந்த மடல். சொல்வது நான், எழுதுவது என் மகள். என் பேச்சை அவள் ஒழுங்குபடுத்தி எழுதுவாள். ஏச்சை மட்டும் ஒழுங்குபடுத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏச்சில் பாதி ஊருக்கு. மீதி உனக்கு.

கரையோரத்துக் கொம்பனிகள் கூடி கூடைப்பந்து லீக் நடத்தத் தொடங்கிச் சில வருசங்களே ஆகியிருந்த காலம் அது. தேங்காயெண்ணெய் மில்லுக்கு ஓர் அணி, ஓட்டுத் தொழிற்சாலைக்கு ஓர் அணி, எங்கள் உப்புக் கொம்பனிக்கு ஓர் அணி. பெயருக்குத் தொழிலாளி, சம்பளம் பந்துக்கு. நீ உடப்புக்காரன். சிலாபத்தில் பாதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பந்து பழகியவன். உன்னைக் கொம்பனி தேடி எடுத்தது. என்னை நீ எடுத்தாய். லொறிக்கு மேல் உப்புச் சாக்கை எறிந்துகொண்டிருந்தவனை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாய்.

“டேய் நெட்டையா, சாக்க எறியிற கையால பந்த எறிய மாட்டியா?”

“பந்து எறிஞ்சா சோறு போடுவாங்களா?”

“சாக்கு எறிஞ்சு பெரிசா என்ன கண்டுட்ட? இறங்கடா கீழ.”

இறங்கினேன். உப்பு கொட்டிக் காயவைக்கும் சீமெந்துத் தரைதான் நமக்கு மைதானம். தும்புத்தடியால் எவ்வளவு கூட்டினாலும் வாடைக்காற்று புதிதாக உப்பைக் கொண்டுவந்து தூவிவிடும். விழுந்தால் தோல் உரியும், உரிந்த இடத்தில் உப்பு ஏறும். நான் கத்துவேன், நீ சிரிப்பாய். கூடைக்குக் கீழே நில், பந்து வரும், வந்தால் போடு, வேறு ஒன்றும் யோசிக்காதே. இவ்வளவுதான் நீ எனக்குச் சொன்ன விளையாட்டு. “நெட்டை!” என்று நீ கத்தும்போது பந்து ஏற்கனவே என் கையில் இருக்கும். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாய்.

அந்த வருசம் நம்மை எவராலும் அசைக்க முடியவில்லை. உப்பு லொறியில், சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போனோம். மாதம்பையில் இறங்கும்போது தலையெல்லாம் வெள்ளை. கூட்டம் “லுணு! லுணு!” என்று சிங்களத்தில் கூவி உப்பு உப்பு என்று பழித்தது. நீ அவர்களைப் பார்த்து அவர்களுடைய பாசையிலேயே, உப்பில்லாமல் உங்கள் சோறு தொண்டையில் இறங்குமா என்று கேட்டாய். பழித்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களே நமக்கு இளநீர் வெட்டித் தந்தார்கள். அப்படியொரு வாய் உனக்கு. அந்த வாயை வைத்துக்கொண்டு உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இறுதி ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்தது. ஐவரில் நாங்கள் நாலு பேர் நோன்பாளிகள். பயிற்சி நேரத்தில் நீயும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைக் கண்டு, நீ ஏன் காய்கிறாய் என்று கேட்டேன்.

“ஆடித் திருவிழாவுக்கு விரதம் இருந்து தீ மிதிச்ச காலடா இது. வெறும் வயிறு எப்பிடி எரியும் எண்டு நீயா எனக்குச் சொல்லித் தரப்போற?”

அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்த ஊர் பெயர் வைத்தது. நோன்பு பிடிக்கும் கடமையே இல்லாதவன் நோன்பு திறந்தான் என்று.

ஆட்டம் நம்முடைய மைதானத்தில், எண்ணெய் மில்காரர்களோடு. அஸர் தொழுகைக்கு முன்னமே தொடங்கியிருக்க வேண்டியது. கொழும்பிலிருந்து வரவிருந்த கொம்பனியின் பெரிய மனிதருக்காகக் காத்திருந்து காத்திருந்து வெயில் சாய்ந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவில் பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் வந்துவிடும் என்பது கணக்குத் தெரியாத எனக்கே தெரிந்தது. அப்போதெல்லாம் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் வெடி போடுவார்கள். நீ நேரே மெனேஜரிடம் போனாய். நாமெல்லாரும் ‘துரை’ என்று கூப்பிட்ட மனுசன். நானும் உன் பின்னால்தான் நின்றேன். இரண்டு காதாலும் கேட்டேன்.

“துரை, வெடி போட்டால் பொடியங்கள் தண்ணி குடிக்கவேணும். ஆட்டத்தக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க.”

“நான் ரெபரிக்கும் மில்காரங்களுக்கும் சொல்லிட்டன். வெடி கேட்டா நீ பந்தக் கீழ வை. எல்லாரும் நிப்பாங்க. போ போ, ஆட்டத்தப் பாரு.”

நடுவரிடம் ஒரு வார்த்தை நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துரை சொன்ன பிறகு இன்னொருவரிடம் போய் உண்மைதானா என்று கேட்பது துரையைப் பொய்யன் என்பதற்குச் சமம். நம் கரையில் எவன் கேட்பான்? நீ செய்த பிழை அது ஒன்றுதான், உப்பளத்துக்காரன் எவனும் செய்யக்கூடிய பிழை. நீ எங்களை வட்டமாக நிறுத்திச் சொன்னாய். “வெடி கேட்டதும் பந்த வைப்பன். ஓடிப்போய்க் குடிச்சிட்டு வாங்க. பந்துக்கு நான் காவல்.”

கடைசி நிமிசங்கள். நாம் ஒரு புள்ளி முன்னால். பந்து உன் கையில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய் எச்சில் விழுங்கக்கூட வழியில்லாமல் நான் கூடைக்குக் கீழே நிற்கிறேன். வெடி கேட்டது. நீ குனிந்து, முட்டையை வைப்பதுபோலப் பந்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாய். நாங்கள் நாலு பேரும் ஓரத்துக்கு ஓடினோம். பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன்.

விசில் ஊதவில்லை. மில்காரப் பொடியன் பந்தைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான். நடுவர் விளையாடு என்று கை காட்டினார். அந்த மனுசனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பொடியன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். நீ துரத்தினாய். தனி ஆளாக என்ன செய்வாய்? கூடைக்குக் கீழே நிற்க வேண்டிய நெட்டை தண்ணீர்ச் செம்போடு நிற்கிறான். பந்து நம் கூடையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கடைசி விசில். பழத்தின் கொட்டையைத் துப்புவதற்குள் தோற்றுப்போனவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.

பெரிய மனிதர் கதிரையிலிருந்து எழும்பி என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்கு முன்னால் இப்படியொரு சலுகை கேட்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த துரை அப்போதுதான் வாயைத் திறந்தார். “கப்டன் வெடிய விசில் என்டு நெனச்சிட்டான் சேர்.” பெரிய மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்ததால் ஊர் சிரித்தது. நான் செம்பை எறிந்துவிட்டுத் துரையை நோக்கிப் பாய்ந்தேன். பின்னாலிருந்து வந்து நீதான் என்னைக் கட்டிப் பிடித்து என் வாயைப் பொத்தினாய்.

அடுத்த கிழமை சம்பள நாளில், முழுக் கொம்பனியும் கூடியிருக்க, நீயே முன்னால் வந்து சொன்னாய். “ஓம், என்ர பிழைதான். வெடிக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாத செவிடன் நான்.” எல்லாரும் சிரித்தார்கள். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு உடப்புக்குப் போய்க் கரைவலை இழுத்தாய். கொம்பனி அணியைக் கலைத்துவிட்டு எங்கள் நாலு பேரையும் உப்பளத்திலேயே வைத்துக்கொண்டது. நீ வெட்கத்தில் போய்விட்டாய் என்று நினைத்தேன்.

பிறகு எத்தனை சண்டை உனக்காகப் போட்டிருப்பேன். கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில், பொதுத் தட்டான சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவன், “இவன்ட கப்டன் இங்க இருந்தா கோழி கூவினாலும் நோன்பு திறந்திருவான்” என்றான். அவன் சேர்ட்டைப் பிடித்து எழுப்பினேன். சோறு சிதறியது. அதை உன்னிடம் வந்து சொன்னபோது என்ன சொன்னாய்? “விடடா நெட்டை. சிரிச்சால் சோறு செமிக்கும்.” துரை சொன்னதை நான் கேட்டேனே, ஊரைக் கூட்டிச் சொல்வோம் வா என்றால், எனக்கு ஞாபகம் இல்லை என்பாய். உனக்கா ஞாபகம் இல்லை? மாதம்பையில் எந்தப் பொடியன் எந்தக் கையால் இளநீர் வெட்டினான் என்றுகூடச் சொல்வாயே! என்னையே பைத்தியக்காரன் ஆக்கினாய். என் காதையே நான் சந்தேகிக்கும்படி செய்தாய்.

உன் செத்த வீட்டுக்கு வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு உன் மனைவி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“அண்ணன், ஒரு கதை இருக்கு. உங்களிட்டச் சொல்லக்கூடாதெண்டு அவர் என்னட்டச் சத்தியம் வாங்கினவர். அவரே போயிட்டார், இனி என்ன சத்தியம்.”

ஆட்டம் முடிந்த மறுநாள் துரை உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். மேலிடம் ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது, ஒருத்தன் பிழை என்றால் ஒருத்தனோடு முடியும் என்றிருக்கிறார். அந்த ஒருத்தன் அதைத் தன் வாயாலேயே எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும், பிறகு மாற்றிப் பேசக்கூடாது. நீ சம்மதித்திருக்கிறாய். அப்போது என் வீட்டில் மூத்தவள் பிறந்து நாற்பது நாள் கழியவில்லை. அது உனக்குத் தெரியும்.

“துரை செத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே தங்கச்சி?”

“நானும் கேட்டனான். இனிச் சொன்னால் நெட்டை இவ்வளவு காலமும் திண்ட சோறெல்லாம் கசந்து போயிரும் எண்டார்.”

எவனடா உன்னைக் கேட்டான்? என் வேலைக்கு உன் பெயரை விலையாக வை என்று நான் உன் காலில் விழுந்தேனா? எனக்குத் தெரிந்திருந்தால் துரையின் மேசையில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு உன்னோடு வலை இழுக்க வந்திருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் மறைத்தாய். என் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்காமலே நீ ஒரு முடிவு எடுத்தாய். துரையும் அதைத்தான் செய்தார், நீயும் அதைத்தான் செய்தாய். உன் பிள்ளைகள் செவிடன் பிள்ளைகள் என்று பெயர் வாங்கியபோது என் பிள்ளைகள் கொம்பனிக் குவாட்டர்ஸில் வளர்ந்தார்கள்.

நேற்று அந்தச் சுற்றுப்போட்டி முடிந்தது. உன்னோடு விளையாடியவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான் என்று சொல்லி, கிண்ணம் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் நல்ல மனுசன்தான், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். பெயரை மாற்றுங்கள் என்று ஆட்டத்துக்கு முன்னமே அவரிடம் சொன்னேன்.

“நானா, அது பாசத்தில வெச்ச பேர். இந்த ஊருல எல்லாரும் அவர அப்பிடித்தானே சொல்ற.”

“அந்தப் பாசத்தத்தான் கழட்டச் சொல்றன்.”

கேட்கவில்லை. கிண்ணத்தை என் கையில் தந்து மைக்கையும் நீட்டியபோது நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டேன். துரை சொன்னது, நீ கேட்டது, நான் பின்னால் நின்றது, சம்பள நாள், உன் மனைவி சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் நடுங்கியது. கிழவன் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அழவில்லை, கோபம்.

செயலாளர்தான் மெதுவாகக் கேட்டார். “நானா, எங்கட வாப்பா அந்தச் சம்பள நாள்ல நின்டவர். தன்ட பிழைதான் என்டு கப்டன் தன்ட வாயாலயே சொன்னாராமே. அப்ப அவரு பொய்யா சொன்ன?”

நீ என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தினாய் என்று பார்த்தாயா? உன் பெயரைக் கழுவ வேண்டுமென்றால், செத்துப்போன உன்னை நானே ஊருக்கு முன்னால் பொய்யன் என்று சொல்ல வேண்டும்.

“ஓம்,” என்றேன். “பொய்தான் சொன்னான். சாகும் வரைக்கும் சொன்னான். எங்கட நாலு வீட்டுப் பானைக்காகச் சொன்னான்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆட்டம் முடிந்த நாளிலிருந்து உன் கதையைக் கேட்டு ஒரு கூட்டம் சிரிக்காமல் இருந்தது நேற்றுத்தான். பரிசு கொடுக்கும்போது அறிவிப்பாளர் உன்னுடைய சொந்தப் பெயரை மட்டும் சொன்னார்.

உன்னைப் பொய்யன் என்றதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீயும் என்னிடம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். மகள் சோறு போட்டுத் தந்தாள். நீ சொன்னது சரிதான், முதல் பிடி கசந்தது. இரண்டாவது பிடியும் கசந்தது. உப்பளத்துப் பென்சனில் வாங்கிய அரிசி. தட்டைத் தள்ளிவிட்டு எழும்ப நினைத்தேன். உன் பெயரைக் கொடுத்து வாங்கிய சோற்றைக் கொட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஏசிக்கொண்டே தின்று முடித்தேன், மச்சான். இன்றைக்கும் தின்பேன்.