நிலவறையில் இருக்கும் துவக்கு

செவ்வாய், 17 ஒக்டோபர் 2006

ஆய்வுகூடத்தில் இன்று வேலை அதிகம். மழைக்கு ஏரித் தண்ணீர் கலங்கியிருக்கிறது, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் இறங்கும்போதே இருட்டிவிட்டது. சோறு வைத்து, மகள் மயூராவின் தட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது மணிக்கட்டில் கட்டு அப்படியே இருக்கிறது. படிக்கட்டில் விழுந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னாளாம். ஸ்ட்ரோம்மனில் அவளும் புருஷன் கீர்த்தனனும் இருக்கும் வீடு ஏழாம் மாடியில். லிஃப்டைத் தவிர வேறு எதிலும் அவள் ஏறி இறங்கி நான் கண்டதில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம். போன வெள்ளிக்கிழமை ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். “கொஞ்ச நாள் இஞ்சை நிக்கிறன் அம்மா.” அவ்வளவுதான் சொன்னாள். நானும் கேட்கவில்லை. கேட்டுப் பழகாத வீடு இது.

வியாழன், 19 ஒக்டோபர்

கீர்த்தனன் தொலைபேசியில் வந்தான். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“மாமி, அவளை அனுப்பி விடுங்கோ. இல்லாட்டி நானே வந்து கூட்டிக்கொண்டு போவன். பூட்டிக்கீட்டி வச்சிருந்தாலும் பரவாயில்லை.”

அடுத்ததாக என் முழங்கால் வருத்தத்தைப் பற்றி விசாரித்தான். பதிலும் சொன்னேன்.

இவருக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை. இரவில் வீட்டில் மயூராவும் நானும் மட்டும்.

ஞாயிறு, 22 ஒக்டோபர்

நிலவறைக்குப் போய் இரும்பு அலுமாரியைத் திறந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் தொடாத துவக்கு. ஆய்வுகூடத்துத் தூரிட் வேட்டைக்காரி. மூன்று வருடத்துக்கு முன் அவள் இழுத்துக்கொண்டு போய் என்னையும் வேட்டைப் பரீட்சைக்கு உட்கார வைத்தாள். பரீட்சை என்றால் நான் தேறிவிடுவேன், அதுதான் பிரச்சினை. அதற்குப் பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துவக்கு, பொலிஸ் அனுமதி, மலையில் இரண்டு நாள். ஒரு மலைக்கோழியும் விழவில்லை. என் தோள்தான் கன்றிப்போனது.

இந்த நாட்டில் வீட்டைக் காக்க என்று துவக்கு வைத்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். தோளில் முட்டும் கட்டை எனக்கு நீளம், கழுத்தை நீட்டினால்தான் குழலின் நுனி தெரிகிறது. இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள் நான். ஓர் இரும்புக் குழாயை மட்டும் ஏன் உடனே நம்புகிறேன்?

புதன், 25 ஒக்டோபர்

வேலை முடிந்து துவக்குக் கடைக்குப் போனேன். இளைஞன், நல்ல உற்சாகம். கட்டையை வெட்டிக் குறைத்து, பின்னுதைப்பைத் தாங்க முனையில் ரப்பர் மெத்தை போடலாம் என்றான். உதிரித் தோட்டாக்களைச் செருகக் கட்டையில் மாட்டும் இழுபடும் உறை இருக்கிறதாம். குழல் நுனிக்கு ஒளிரும் பச்சைக் குமிழ் இருக்கிறதாம், மங்கலிலும் தெரியும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். குழலோடு பொருத்துகிற டோர்ச் இருக்கிறதா என்று கேட்டேன்.

“மலைக்கோழிக்கா? அது இரவில் தூங்குமே.”

“நாய் தொலைந்தால் தேட.”

“என்ன நாய் வைத்திருக்கிறீர்கள்?”

“சின்ன நாய்.”

நான் நாயை விட்டு ஒதுங்கி நடக்கிறவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பலகைச் சுவருக்கு அருகில் நின்று சுட்டால் சன்னங்கள் மறுபக்கம் போகுமா என்றும் கேட்டுவிட்டேன். அவன் பரப்பியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தான்.

“நீங்கள் எங்கே வேட்டையாடுகிறீர்கள்?”

கட்டையை வெட்டவும் மெத்தை போடவும் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் T-பானே ரயிலில் முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. கேள்விக்குப் பதிலும் கிடைக்கவில்லை. பதில் எனக்கே தெரியும். எங்கள் வரிசை வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அயல் வீட்டுப் பிள்ளைகளின் படுக்கையறை.

ஞாயிறு, 29 ஒக்டோபர்

துவக்குப் பையைக் காணவில்லை என்று இவர் கேட்டார். சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் என்னடாவெண்டால் காசு குடுத்து வாங்கி வச்சு, அதுக்கு மெத்தையும் போடுவிக்கிறீர்.”

“அவன் வந்தா என்ன செய்யிறது?”

“அவன் என்ன கள்ளனோ? எங்கட மருமகன். கதைச்சுத் தீர்க்கலாம்.”

மயூராவின் கைக்கட்டை மருத்துவமனையில் மாற்றும்போது நான்தான் பக்கத்தில் நின்றேன். இவர் நிற்கவில்லை.

வியாழன், 2 நவம்பர்

வீட்டு முன்னால் வெள்ளைக் கார், கீர்த்தனனுடையது மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு யன்னலோரம் நின்றேன். அயல் வீட்டுக்கு வந்தவர்கள்.

செவ்வாய், 7 நவம்பர்

துவக்கு வந்துவிட்டது. கட்டை இப்போது என் கைக்கு அளவு, தோளில் வைத்தால் கண் தானாகக் குழலின் நேருக்கு வருகிறது. அது ஒரு கணம் சந்தோஷமாக இருந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

சட்டப்படி துவக்கு அலுமாரியில், தோட்டா வேறு பூட்டில். அலுமாரித் திறப்பைத் தாலிக்கொடியில் கோத்திருக்கிறேன். ஒத்திகை பார்த்தேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கி, இரண்டு பூட்டையும் திறந்து, மேலே வந்தபோது தண்ணீர் கொதித்துச் சிந்தியிருந்தது. கதவை உதைக்கிறவன் கேத்தல் கொதிக்கும் வரை நிற்க மாட்டான்.

டோர்ச் வாங்குவதானால் எங்கே நின்று எந்தப் பக்கம் வெளிச்சம் அடிப்பது? துவக்கை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க மனம் வரவில்லை. கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன். சமையலறை வாசலில் நின்று நீட்டினால் அயல் வீட்டுச் சுவர். முன்கதவுப் பக்கம் நின்று நீட்டினால் நேரே படி, படியின் முடிவில் மயூராவின் அறைக் கதவு. தள்ளி நின்றும் பார்த்தேன். எங்கே நின்றாலும் தடியின் நுனிக்கு அப்பால் ஒரு பிள்ளை படுக்கிற இடம் வருகிறது.

தலையை நிமிர்த்தினால் மேல்படியில் மயூரா.

“அம்மா, என்ன செய்யிறீங்கள்?”

“ஒட்டடை.”

“டெ கோர் ப்ரா, அம்மா” என்றாள். ஒன்றும் இல்லை, எல்லாம் சரி என்று நோர்வீஜியன் மொழியில் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். எது சரி? பூட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டதே.

டோர்ச் வாங்கவில்லை.

ஞாயிறு, 19 நவம்பர்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். விட்டால் எல்லோரும் வேறு மாதிரிச் சொல்வார்கள். நானும் சொல்லக்கூடும்.

காலையில் இவர் சொன்னார்: “பின்னேரம் பிலேந்திரன் அண்ணை ஆக்கள் வருகினம். சும்மா கதைக்கத்தான். தேத்தண்ணிக்குப் பால் இருக்கே?”

பிலேந்திரன் அண்ணை கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர்தான். பால் இருந்தது.

மணி அடித்தது. இவர் கதவைத் திறந்து “வாங்கோ, வாங்கோ” என்பது சமையலறையில் கேட்டது. கை துடைத்துக்கொண்டு வந்தேன். பிலேந்திரன் அண்ணை, கோயிலில் கண்ட முகங்கள் இரண்டு, அவர்களுக்குப் பின்னால் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த நாலாவது ஆள். நிமிர்ந்தான்.

“மாமி, சுகமா இருக்கிறியளே?”

கீர்த்தனன். இனிப்புப் பெட்டியை நீட்டினான். வாங்கினேன். கை தானாக நீண்டது.

எந்த யன்னலை உடைத்துக்கொண்டு வருவான் என்று ஒரு மாதமாக யோசித்தவள் நான். அவன் சப்பாத்தைக் கழற்றி, சுவரோடு ஒழுங்காக வைத்துவிட்டு வந்தான்.

தேத்தண்ணி ஊற்றினேன். பழக்கத்தில் “சீனி?” என்று கேட்டேன். “உங்களுக்குத் தெரியும்தானே மாமி, ரெண்டு.” இரண்டு போட்டேன். காலுக்குக் கீழே நிலவறை, நெஞ்சில் திறப்பு. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற நேரத்தில் கீழே போய்த் துவக்கு எடுத்து வருவது எப்படி? கடைக்காரனிடம் அதற்கு ஒரு பொருளும் இருந்திருக்காது.

“தங்கச்சி, இளசுகள்” என்று தொடங்கினார் பிலேந்திரன் அண்ணை. “கை நீட்டினது பிழைதான். தம்பியும் ஒத்துக்கொள்ளுறான். இனிச் செய்யமாட்டன் எண்டு என்ரை முன்னாலை சத்தியம் பண்ணியிருக்கிறான். பிறகென்ன?”

“அவளின்ரை கை முறிஞ்சது” என்றேன்.

“அது மாறிப்போம். நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்கு விளங்கும். வெளியிலை போனா ஆருக்கு வெக்கம்?”

கீர்த்தனன் கோப்பையை மெதுவாக வைத்தான். “நான் அவளோட தனிய அஞ்சு நிமிசம் கதைக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் கம்பளத்தைப் பார்த்தார்.

“அஞ்சு நிமிசம்தானே. மேலைதான் இருக்கிறாள்.”

அந்த நேரம் மேலே அறைக் கதவைப் பூட்டும் சத்தம். எல்லோருக்கும் கேட்டது. கேட்காதது மாதிரி இருந்தார்கள். அவன் எழுந்தான்.

நான் எப்படிப் படிக்குப் போனேன் என்று தெரியாது. கீழிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டேன். கையில் வீட்டுத் தொலைபேசி.

“மாமி, விலகுங்கோ.”

விலகவில்லை.

“மாமி. மரியாதையாக் கேக்கிறன்.” எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். மயூரா இரண்டு வருடமாகக் கேட்டது இந்தக் குரல்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

பொலிஸ் இலக்கத்தை அழுத்தினேன். என் பெயர், முகவரி. மகளின் புருஷன் அவளுடைய கையை முறித்தவன், இப்போது என் வீட்டில் நிற்கிறான், அவளிடம் போகப் பார்க்கிறான். நோர்வீஜியன் மொழி பிழையில்லாமல் வந்தது. அவனுடைய பெயர் என்ன என்று கேட்டாள் மறுமுனையில் இருந்த பெண். சொன்னேன். விளங்கவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். தகப்பன் பெயரும் சேர்ந்த நீண்ட பெயர். அவன் கை எட்டும் தூரத்தில் நிற்க, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

“பொலிசோ? தங்கச்சி, விசரே உமக்கு?” என்றார் பிலேந்திரன் அண்ணை. சொல்லிக்கொண்டே சப்பாத்தைத் தேடினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொண்டார்கள். அவர் நாடாவைக் கட்டாமலே இறங்கிப் போனார்.

கீர்த்தனன் கடைசியாகப் போனான். “வச்சிருங்கோ உங்கட மகளை. எவ்வளவு காலம் எண்டு பாப்பம்.”

பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். பெண் பொலிஸ் சமையலறை மேசையில் மயூராவோடு இருந்தாள். நான் நடைவழியில் நின்றேன். தமிழில் எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் மகள் நோர்வீஜியன் மொழியில் அவளிடம் சொன்னாள். நிதானமாக, முதலிலிருந்து. கழுத்தில் கை வைத்தது. அது ஒரு தடவை அல்ல.

வீட்டில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று பிறகு கேட்டாள். இருக்கிறது என்றேன். எதற்கு என்றாள். மலைக்கோழிக்கு என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். இப்போது எதற்கு என்றாள். உண்மையைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. திறப்பைத் தாலிக்கொடியிலிருந்து எனக்குக் கழற்ற வரவில்லை. மயூராதான் கழற்றிக் கொடுத்தாள். துவக்கைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது வீட்டில் ஒன்றும் இல்லை. பயம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? சொல்லத் தெரியவில்லை.

திங்கள், 20 நவம்பர்

“ஊர் சிரிக்கப் பண்ணிப்போட்டீர்.” இன்று இவர் என்னோடு கதைத்தது இவ்வளவுதான்.

வியாழன், 14 டிசெம்பர்

அவன் அவளுக்கு அருகில் வரக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். பொலிஸ் மயூராவுக்கு ஓர் அலாரம் கொடுத்திருக்கிறது, பார்வைக்குச் சின்னக் கைத்தொலைபேசி. அழுத்தினால் வருவார்களாம். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். இடத்தைப் பொறுத்தது என்றார்கள். நேர்மையான பதில், அதனால்தான் தூக்கம் வரவில்லை. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது “சார்ஜ் இருக்கோ?” என்று கேட்கிறேன். “இருக்கு அம்மா” என்கிறாள். இருந்தாலும் வாங்கிப் பார்க்கிறேன்.

கோயிலில் என் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

செவ்வாய், 16 ஜனவரி 2007

துவக்கைத் திரும்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். தூரிட் மூலம் விற்பனை. வெட்டிய கட்டை தூரிட்டுக்கு நீளம் போதாது, அவளுடைய அக்கா மகள் குள்ளமானவள், அவளுக்குப் பொருந்துகிறதாம்.

இன்று இவரைச் சாட்சியாக விசாரித்தார்கள். வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். மயூராவும் இருந்தாள்.

“கதவைத் திறந்தது ஆர் எண்டு கேட்டாங்கள். நான் எண்டு சொன்னனான்.”

நான் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“அவனும் வாறது முன்னமே தெரியுமோ எண்டு கேட்டாங்கள்.” தண்ணீர் குடித்தார். “தெரியும் எண்டனான்.”

அது எனக்குத் தெரியாது. அன்றைக்கு வாசலில் என்னைப் போலவே இவரும் திடுக்கிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. மயூரா பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள்.

சனி, 10 மார்ச்

வழக்கு வருகிற மாதம். வெள்ளைக் கார் கண்டால் இன்னும் யன்னலோரம் போய் நிற்கிறேன். ஸ்ட்ரோம்மன் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இவர் எடுத்தார். பிலேந்திரன் அண்ணையின் குரல் எனக்கும் கேட்டது: “சச்சி, வழக்குக் கிழக்கு எண்டு போறதுக்கு முன்னம் ஒருக்கா இருந்து கதைப்பமே?”

இவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பழையபடி ஓம் சொல்லப் போகிறார் என்று என் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

“அண்ணை, கதைக்கிறதெண்டா அவளோட கதையுங்கோ. இஞ்சைதான் இருக்கிறாள்.”

தொலைபேசியை மயூராவிடம் நீட்டினார். அவள் சாப்பிடாத இடது கையால் வாங்கினாள்.

“சொல்லுங்கோ மாமா.”

கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

“வச்சிட்டார்” என்றாள். சம்பல் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள். இவர் தள்ளினார்.