ஆட்டெருவில் வந்த கீரை

சைகோன்

அன்பு மகன் ஜெய்னுலாபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பிரான்சில், லியோனில் நீயும் மருமகளும் சுகமாக இருக்கத் தினமும் துஆ செய்கிறேன். இங்கே உடம்பு சுகம், மனசும் சுகம் என்று பொய் எழுத எனக்கு வராது. போனில் சொன்னால் "சரி உம்மா, சரி உம்மா" என்று மருமகள் கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

ஊருக்கு வெளியே ஹோக் மோனில் உன் வாப்பா விட்டுப்போன கீரைக்கொல்லை பாழாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரி ஹோவா தன் சோளத்துக்குக் களைமருந்து அடிப்பது உனக்குத் தெரியும். முதலில் அங்கே களையாக முளைத்த முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் ஒன்றாகவே கருகின. பிறகு குப்பைக்கீரை மட்டும் கருகாமல் நின்றது. இப்போது இரண்டுக்கும் நடுவாக ஒன்று நிற்கிறது, தண்டு சிவப்பு, முள் அங்கொன்று இங்கொன்று, மருந்தைப் பச்சைத் தண்ணீர் போலக் குடித்துவிட்டுப் பூக்கிறது. குர்பானி ஆடுகளுக்கு நல்ல தீனி என்று அதைத்தான் விதைக்கதிரோடு அறுத்துப் போட்டேன். அன்று வாங்கி அன்றே அறுப்பது எனக்குப் பிடிக்காது, வளர்த்துப் பிரியம் வைத்துக் கொடுக்கவேண்டும். ஆட்டெருவை நம் பாத்திகளில் கொட்டினேன், போன ஹஜ்ஜுப் பெருநாளன்று ஹோவாவுக்கும் கறிப்பங்கோடு எருவை மூட்டை மூட்டையாகக் கொடுத்தேன். சோளத்துக்குள் கிடந்த சனியன் அவள் காய்கறிப் பாத்தியிலும் நம் கீரையிலும் ஏறிவிட்டது.

தூ டுக் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து செடிகளைக் கொண்டுபோனாள். இரண்டு இனமும் கலந்து பிறந்தது இது, மருந்துக்குச் சாகாத குணம் ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்துவிட்டது, விதை ஆட்டு வயிற்றிலும் முழுக்கச் சாகாது என்று திரும்பி வந்து சொன்னாள். ஆடு தின்றது ஆட்டோடு போயிற்று என்று நான் வாதாடினேன். ஹோவா சத்தம் போடவில்லை. "உங்க கறிய நாங்க தின்னோம் அக்கா, இப்ப உங்க எரு எங்களத் தின்னுது" என்றாள். அன்றே ஒரு தொட்டியில் எருவை மட்டும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முளைத்தது.

டெட் புத்தாண்டுப் பண்டிகைக்குள் கொல்லை தேறாவிட்டால் ஹோவா கிடங்கு கட்டுகிறவருக்கு விற்றுவிடுவாளாம். நம் கொல்லைக்கு வழி அவள் வரப்புதான், அவள் போனால் நாமும் போனோம். உன் தங்கை அமீர் நிஷா, "நீங்களும் வித்துட்டு எங்க மாடி ஃப்ளாட்டுக்கு வந்துடுங்க உம்மா, லிஃப்ட் இருக்கு" என்கிறாள். லிஃப்டில் என்ன முளைக்கும்? களைமருந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற உனக்கு, வேறு மருந்து கலந்து அடி என்பதும், இல்லையென்றால் விற்றுவிடு என்பதும் சுலபம். இரண்டையும் செய்யமாட்டேன். அடுத்ததற்கு வளர்த்த ஆடுகளைக் கொடுத்துவிட்டேன், வருகிற குர்பானியைக் காரைக்காலில் உன் மாமா ஹாஜா மைதீன் பார்த்துக்கொள்வார். பூக்குமுன் கையால் பிடுங்குகிறேன். பிடுங்கி முடித்த இடத்தில் போன வாரம் மழை பெய்தது, இரண்டு கொல்லையும் மறுபடி சிவந்து கிடக்கின்றன. ஹோவா குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் நம் பக்கத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் போய்க் குனிந்தேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் இளகிய மனசும் தருவானாக. டெட்டுக்கு முன் வந்து போ. மருந்து எதுவும் கொண்டுவராதே. முள் ஏறாத தோல் கையுறை இரண்டு ஜோடி போதும். ஹோவாவின் கை என் கையைவிடச் சிறியது, பார்த்து வாங்கு.

உன் உம்மா,
ஷரீஃபுன்னிசா