கணக்குக்கு அடங்காத கட்டி

மார்ச் 4

மார்பகப் புற்றுக் கட்டி கீமோவுக்கு எப்படிச் சுருங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சமன்பாடு. மூன்று வருடமாக இதோடுதான் மாரடிப்பு. இன்றும் ஆய்வகத் தலைவர், "வரைபடத்துல கோடு அழகா இருக்கு. நோயாளிங்கதான் கோட்டுல நிக்க மாட்டேங்கறாங்க" என்றார். சிரிப்பு வேறு. பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 9

அண்ணிக்கு மூன்றாவது கீமோ முடிந்தது. வாயெல்லாம் புண்; ஆனாலும் வாய் ஓயவில்லை. "ஊர்ல இருக்கிறவங்க கட்டிக்கெல்லாம் கணக்குப் போடுற. என்னுதுக்குப் போட மாட்டியா?" மாட்டேன் என்றேன். ஸ்கேன் தாள்களைக் கையில் திணித்தார். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10

போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

மார்ச் 11

மறுபடி போட்டேன். அதே விடை. கட்டி சுருங்கவே இல்லை, இந்த மருந்து பலிக்காது என்கிறது. சனியன் பிடித்த சமன்பாடு. மற்ற நாளெல்லாம் உளறும். இன்னைக்கு மட்டும் இவ்வளவு தெளிவாப் பேசணுமா?

மார்ச் 13

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "சரி, டாக்டரைக் கேப்போம். நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று என்னையே அதட்டினார்.

டாக்டரம்மா என் கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஸ்கேன்ல தெரியுற நிழல் எல்லாமே உயிரோட இருக்கிற செல்லுன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்டதுதான்.

ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

மார்ச் 20

ரிப்போர்ட் வரவில்லை. அண்ணன் போன் மேல் போன். "ஏம்மா, உன் கணக்கு தப்பாகவே ஆகாதா?" என்கிறான். இந்தச் சமன்பாடு சரியாக வர வேண்டும் என்றுதானே இத்தனை நாள் உயிரை விட்டேன். தப்பாகித் தொலையேன்.

மார்ச் 22

தப்பு! எடுத்த சதையில் பெரும்பாலும் செத்த திசுவும் தழும்பும்தானாம். மருந்து உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் பிணங்களையும் சேர்த்துத் தலை எண்ணியிருக்கிறேன்.

சமன்பாட்டைப் பற்றி இதழுக்கு எழுதிய கட்டுரையை நிறுத்துங்கள் என்றேன் தலைவரிடம். "அடுத்த வாரம் அனுப்பறதா சொல்லிட்டோமே." அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினேன். சந்தோஷத்தில் யாராவது கதவை அறைவார்களா?

ஜூலை 17

அண்ணிக்கு நடந்த அறுவை சிகிச்சையின் சோதனை முடிவு வந்தது. வெட்டி எடுத்ததில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. என் புதுச் சமன்பாடு பாதியில் கிடக்கிறது.

நேரில் சொல்லலாம் என்று ஓடினால், அண்ணி ஏணி மேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"கையைத் தூக்கக் கூடாதுன்னாங்கல்ல, இறங்குங்க."

"தெரியும் தெரியும், டாக்டர் போன் பண்ணி ரிசல்ட்டைச் சொல்லிட்டாங்க. ஏணி ஆடுது, பிடி."

பிடித்துக்கொண்டேன்.