நெஞ்சு நோவுக்கு ஓம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

மில்லிக்கன், ரொறன்ரோ
மே மாதம், ஞாயிறு விடியற்காலை

அன்புள்ள மகள் ஜெயமலருக்கு,

பெரியப்பா சுகமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற முதல் வரிதானே என்று இதைக் கடந்து போய்விடாதே. என் நெஞ்சில் எந்த வருத்தமும் இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

நீ அனுப்பிய கேள்விகள் என் தொலைபேசியில் அப்படியே இருக்கின்றன. இடது கையிலும் நோகுதோ, வியர்த்ததோ, ஈசீஜி எடுத்தவையோ என்று பத்துக் கேள்வி. வார்ட்டில் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் எழுதியிருக்கிறாய். வியாழனும் வெள்ளியும் நான் அதற்குப் பதில் எழுதவில்லை. நீ பயந்திருப்பாய் என்று தெரிந்தும் எழுதவில்லை. தொலைபேசியில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் இன்னொரு பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் கையால் எழுதுகிறேன். படம் பிடித்து அனுப்புவேன். எழுத்துத் தெளிவில்லாவிட்டால் பெரிதாக்கிப் பார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் சென்ற ஞாயிறு மாலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது உனக்குத் தெரியும். அப்பா இல்லாத பிள்ளைக்கு நான்தான் அப்பாவின் இடத்தில் இருந்து பேச வேண்டும். பெரியம்மா எங்கள் மகள் றெபேக்காவின் குழந்தையைப் பார்க்க ஒட்டாவா போயிருந்ததால் வீட்டில் நான் தனியாள். கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கட்லெட் வாங்கி வைத்திருந்தேன். கோப்பைகளைக்கூடக் கழுவித் துடைத்து மேசையில் அடுக்கியிருந்தேன்.

அன்றைக்கு ஒரு மணிக்கு நகரத்தில் ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டம் இருந்தது. இதைப் பற்றி நான் உனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. சறுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பனித்தரையில் ஒரு கறுத்த ரப்பர் வட்டைத் தடியால் அடித்து வலைக்குள் விடுகிற விளையாட்டு. அதைத் தொழிலாகவே ஆடுகிற பெண்கள் அணி இந்த நகரத்தில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் றெபேக்கா, சும்மா இருக்கிறீங்கள் வாங்கோ என்று கூட்டிக்கொண்டு போனாள். அதன்பின் அவள் வராவிட்டாலும் நான் போகிறேன். எழுபத்தாறு வயதில் இது எனக்கு வேண்டியதா என்று ஒவ்வொரு முறையும் ரயிலில் யோசிப்பேன். ஆனாலும் இறங்கித் திரும்பி வந்ததில்லை.

அந்த ஆட்டம் தோற்றால் இந்த வருடம் அதோடு முடிந்தது. எதிரணி மொன்றியல். நான் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் போனேன். ஆட்டம் மூன்றரைக்கு முடியும். ரயில் பிடித்தால் நாலே முக்காலுக்கு வீடு. தேநீர் வைக்க முக்கால் மணித்தியாலம். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் அளந்தவனுக்கு இது பெரிய கணக்கா என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். சமநிலை. இந்தக் கட்டத்தில் சமநிலையோடு எழும்பிப் போக மாட்டார்கள். யாராவது ஒரு கோல் போடும்வரை மேலதிக நேரம், மேலதிக நேரம் என்று ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

மகள், நான் இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அந்த நேரம் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அப்போது எழும்பினால் சரியாக இருக்கும் என்று தெரிந்தது. கழற்றி வைத்திருந்த கோட்டைக் கையில் எடுத்தேன். பிறகு மடியில் வைத்தேன். மறந்து போய் இருக்கவில்லை. தெரிந்துதான் இருந்தேன்.

எங்கள் அணிப் பிள்ளைகளில் ஒருத்தி மொன்றியல்காரி அடித்த வட்டைத் தன் கணுக்காலால் மறித்தாள். நொண்டி நொண்டி உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், இன்னொன்றை மறித்தாள். கோல் காக்கிற பிள்ளை ஒரு தடவை தலைக்கவசம் கழன்று விழ, முகத்தை நிலத்தில் வைத்துக்கொண்டே கையால் பிடித்தாள். முதல் மேலதிக நேரம் முழுவதும் ஒருவரும் கோல் போடவில்லை. இரண்டாவது தொடங்கியது. எனக்கு மூச்சு இறுகி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னால் பொய்யாகச் சொன்ன எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் மெய்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் எங்கள் அணியின் கோல் விழுந்தது. அழகான கோல் இல்லை. வலைக்கு முன்னால் ஐந்தாறு பேர் விழுந்து கிடந்த குவியலுக்குள் எப்படியோ உருண்டு போனது. வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் எழும்பி நின்று, "விடாதையுங்கோ பிள்ளையள், விடாதையுங்கோ!" என்று கத்தினேன். ஆட்டம் முடிந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் அம்மா ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் விலகவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வகுப்பறையிலோ வேலைக் கந்தோரிலோ கோயிலிலோ குரல் உயர்த்தியவன் இல்லை என்று உன் அப்பாவே பகிடி பண்ணுவான். அன்றைக்கு அரை மணித்தியாலம் நான் வேறொரு ஆளாக இருந்தேன். உன்னை நினைக்கவே இல்லை.

ரயிலில் ஏறிய பிறகுதான் நினைத்தேன். அங்கிருந்தே அழைத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானோ சொல்ல வேண்டிய வசனத்தைத் தாளில் எழுதி, வெட்டி, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வர ஆறேகால். நல்ல மழை. கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே நனைந்த கேக் பெட்டி. தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் ஏழு அழைப்பு. நாற்பது நிமிடம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் அழைத்தேன். மாப்பிள்ளை அன்ட்ரூவின் அம்மா கிறிஸ்ரினா எடுத்தா. என் வசனத்தை நான் தொடங்க முன்னமே, "அண்ணை, ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டா. நான் ஓம் என்றேன். "நெஞ்சு நோவோ?" ஓம். "ஐயோ, எமேர்ஜென்சிக்குப் போனனீங்களோ?" ஓம். "தனியவோ போனனீங்கள்?" அதற்கும் ஓம். ஒரு பொய்யைக்கூட நானாக உண்டாக்கவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது சரிவரவில்லை.

அடுத்த நாள் மூன்று பேரும் வந்தார்கள். தோடம்பழம், பாலில் கரைக்கிற நெஸ்ரமோல்ற், போத்தலில் சூப். நான் சாரத்தோடு போர்வைக்குள் படுத்திருந்தேன். கிறிஸ்ரினா என் தலையணையைச் சரி பண்ணிவிட்டா. அன்ட்ரூவின் அப்பா மாக்கஸ் கால்மாட்டில் கதிரை போட்டு இருந்து, டொக்ரர் என்ன சொன்னவர் என்று கேட்டார். ஓய்வெடுக்கச் சொன்னவர் என்று சொல்லிவிட்டேன். இதற்கு ஓம் போதாமல், நானே ஒரு டொக்ரரை உண்டாக்கினேன். அன்ட்ரூ குசினி விளக்கின் சுவிச் பொறி பறக்கிறதைக் கண்டுவிட்டு, காரில் இருந்து சாமான் எடுத்து வந்து மாற்றித் தந்தான். எலெக்ட்ரீசியன் வேலை செய்கிற பிள்ளை, அழுக்குக்கூட இல்லாமல் துடைத்துவிட்டுப் போனான். நல்லவன், மகள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெரியம்மாவுக்குச் சொன்னேன். ஒட்டாவாவில் இருந்தே என்னைத் தின்றுவிட்டா. "அந்த மனுசி நெஞ்சோ எண்டு கேட்டால் இல்லை முழங்கால் எண்டு சொல்லத் தெரியாதோ உங்களுக்கு? கலியாணம் பேசுற இடத்திலை நெஞ்சைக் கொண்டுபோய்ச் சொல்லுவினமோ?" என்று கேட்டா. அதன் அர்த்தம் எனக்குப் புதன்கிழமைதான் விளங்கியது.

புதன் மாக்கஸ் அழைத்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணை, குறை நினையாதையுங்கோ. தம்பி சூசைதாசன் உண்மையிலை டெங்கிலைதான் போனவரோ? இல்லாட்டில் அவருக்கும் இதுதானோ? உங்கடை குடும்பத்திலை இருதய வருத்தம் இருக்குமெண்டால் நாங்கள் அறிஞ்சிருக்க வேணும்தானே." அதற்குப் பிறகுதான் உன் அம்மாவிடமும் விசாரித்திருக்கிறார்கள். அம்மா மடு மாதா கோயிலுக்கு எனக்காக நேர்த்தி வைத்தது அந்தப் பயத்தில்தான்.

உன் அப்பா காய்ச்சலில் பன்னிரண்டு நாள் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவள் நீ. அவனுடைய சாவை நான் ஒரு விளையாட்டுப் பார்க்கப் போனதால் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டேன். அவன் என் தம்பி. என் பொய்க்கு அவனைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை பஸ் எடுத்து மோர்னிங்சைட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருக்கச் சொன்னார்கள், நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கோட்டை மடியில் வைத்ததுவரை. மாக்கஸ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கிறிஸ்ரினா, "மழையிலை நிண்டது பரவாயில்லை அண்ணை. அண்டு இரவு முழங்காலிலை நிண்டு உங்களுக்குச் செபமாலை சொன்னனான்," என்றா. அவ்வளவுதான். எழும்பி உள்ளே போய்விட்டா.

மாக்கஸ், "ஒரு மட்ச்சுக்காக இப்பிடிச் சொன்னனீங்கள். இனி டெங்கு எண்டு நீங்கள் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். அதுவும் என் கணக்குத்தான். யோசிக்க வேணும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

அப்பாவின் ஆஸ்பத்திரிப் பத்திரத்தை அனுப்பினால் சந்தேகம் தீரும் என்று உனக்கும் தோன்றும். அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன். உன் அப்பா எப்படிச் செத்தான் என்று நீ யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அன்ட்ரூ என்னைக் காரில் கொண்டுவந்து விட்டான். மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, "ரெண்டு ஓவர்டைமோ, அங்கிள்?" என்று கேட்டான். ஓம் என்றேன். தலையை ஆட்டினான், கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அப்பாக்குப் பக்கத்திலை தான் பன்னிரண்டு நாள் இருந்தது பற்றி ஜெயமலர் எனக்கு நாங்கள் கதைக்கத் தொடங்கின முதல் மாசமே சொன்னவ. எனக்கு அது காணும். அம்மா அப்பாவோடை நான் கதைக்கிறன். நாளைக்கு அவவுக்குப் போன் அடிப்பன். அதுக்கு முதல் நீங்கள் சொல்லிப் போடுங்கோ. உங்கடை விசயத்தை நான் அவவுக்குச் சொல்லுறது வடிவில்லை."

அதனால்தான் விடியமுன் எழும்பி இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நீயே பக்குவமாகச் சொல். நேர்த்தியை நிறைவேற்ற வேண்டுமா என்று பங்குச் சுவாமியிடம் கேட்க அவவுக்கு வெட்கமாக இருந்தால், என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் அந்தக் கோலை நினைத்தால் எனக்கு உள்ளே சந்தோசமாகத்தான் இருக்கிறது. இந்தக் கிழமை முழுவதும் அந்தச் சந்தோசத்தைக் கழற்றி வைக்க முயன்றேன், முடியவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற எனக்கு இப்படியும் ஒரு மனம் இருக்கிறது என்று நீ அறிந்திருக்க வேண்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, மகள். என்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாலும் அது நியாயம். என் இலக்கத்தை நீ எடுக்காவிட்டாலும் நான் அம்மாவிடம் உன் சுகம் கேட்டுக்கொள்வேன். ஆனால் இன்றிரவு உங்கள் நேரம் எட்டரைக்கு இங்கிருந்து வேறொரு இலக்கம் வரும். என் மேலுள்ள கோபத்தில் அதை அடிக்கவிட்டுவிடாதே. எடு. மாதா உன்னோடு இருப்பாராக.

உன் பெரியப்பா,
ம. நீக்கிலாப்பிள்ளை