எடைக்கு எடை முதல்வன் செம்பன் எனத் தீர்ப்பான ஓலை

நலம் நிலைக்க. உப்பும் மீனும் குறையாத வடமுகத் துறையைக் காத்துவரும் நங்கூரத் தேவருக்கு, மாகடல் நாட்டு வேந்தர் அடலேறனாரின் ஆணையால் ஓலைநாயகம் கண்ணந்தை எழுதுவது. உங்கள் கலங்கள் கரைசேர்க. உங்கள் பகைவர் தங்களுக்குள் அடித்துக்கொள்க.

எடை மன்றம் கூடியபோது இருந்தோர்: அரியணையில் வேந்தர், வலப்பக்கம் மன்றத் தலைவர் துலாக்கிழார், இடப்பக்கம், குத்துச்சண்டை இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவரும் குத்துச்சண்டையை ஒருமுறையும் பார்த்திராதவருமான புலவர் நிகண்டனார், உங்கள் தூதர் ஆதனழிசி, உங்கள் பெரிய எடை மல்லன் குன்றன், எங்கள் சிறிய எடை மல்லன் செம்பன், நடுவே ஆள் நிறுக்கும் துலாக்கோல். மன்றத்தில் பேசியதைப் பேசியபடியே எழுதுவது எங்கள் மரபாதலால், மல்லர்களின் சொற்கள் மல்லர்களின் சொற்களாகவே கீழே வரும். பொறுத்தருள்க.

எடை ஒவ்வாத இருவர் ஒரே களத்தில் இறங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். இறங்க முடியாத இருவரில், எடை ஒத்திருந்தால் யார் வல்லவர், அதாவது எடைக்கு எடை முதல்வன் யார், என்று பேசித் தீர்ப்பது எடை மன்றத்தின் தொழில். வேந்தரின் பாட்டனார் காலம் முதல் மன்றம் இதைப் பேசிவருகிறது. இதுவரை தீர்த்ததில்லை.

செம்பன் வந்தது பட்டத்துக்காக அன்று. தன் எடையில் இருந்த அத்தனை பேரையும் அவன் அடித்துத் தீர்த்துவிட்டான். எதிரில் நிற்க ஆளில்லாமல் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான். கைமுட்டி தேய்வதற்குள் ஒரு நல்ல சண்டை வேண்டும். அது குன்றனோடு வேண்டும். அதற்கு அனுமதி கேட்கத்தான் வந்தான். கேட்க வாய் திறந்தபோது அவனைத் தூக்கித் தட்டில் உட்கார வைத்தார்கள்.

எதிர்த்தட்டில் குன்றன் ஏறியதும் செம்பன் மேலே போய்த் தொங்கினான். நிகண்டனார் மணல் மூட்டைகளைக் கொண்டுவரச் செய்து, தட்டு சமமாகும் வரை செம்பனின் மடியிலும் தோளிலும் அடுக்கினார். இம்மணலையும் செம்பனாகவே கொள்ள வேண்டும் என்றும், இவ்வளவு செம்பன் இருந்தால் குன்றன் நிற்க முடியாது என்றும் அவர் விளக்கினார். உங்கள் தூதர் விடவில்லை. கொசுவை யானை அளவுக்கு ஊதினால் அது பறக்குமா என்று கேட்டார். மணலுக்குக் கைவேகம் உண்டா என்னும் கேள்வி எழுந்தது. அது ஆற்று மணலா கடல் மணலா என்பதைப் பொறுத்தது என்று துலாக்கிழார் கூற, அவை இரண்டாகப் பிரிந்து உணவு வேளை கடந்தும் வாதிட்டது.

"மூட்டைய இறக்குங்க சாமி, காலு மரத்துப்போச்சு" என்றான் செம்பன். அவையோர் அதை வாதத்தின் பகுதியாக ஏற்கவில்லை.

எதிர்த்தட்டிலிருந்து குன்றன், "தம்பி, உன்ன விட உன் மணலுக்குத்தான் இங்க மரியாதை" என்றான்.

"ஆமாண்ணே. அதையே உங்களோட மோத விட்டுருவாங்க போல."

பிறகு செம்பன் வேந்தரைப் பார்த்து, "மகாராசா, எதுக்கு இம்புட்டுப் பேச்சு? நான் கொஞ்ச நாளு நல்லாத் தின்னு ஏத்திக்கிறேன். அண்ணன் வயித்தக் கட்டி இறக்கிக்கட்டும். நடுவுல ஒரு எடையில சந்திச்சுக்கிறோம். சட்டமும் கெடாது. ஒரு சாயங்காலத்துல தெரிஞ்சுபோகும்" என்றான்.

"எனக்குச் சம்மதம்" என்றான் குன்றன். "பட்டினி எனக்கு ஒண்ணும் புதுசில்ல. இவன்கிட்ட ஒரு நல்ல குத்து வாங்கிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

நிகண்டனார் தம் சுவடியை மூடினார். மல்லர்கள் தாங்களே அடித்துக்கொண்டு முடிவு காண்பது ஆராய்ச்சிக்கு இழுக்கு என்று துலாக்கிழார் எடுத்துரைத்தார். கீழே விழுந்தவன் யார் என்பதைச் சந்தையில் கருவாடு விற்பவளும் சொல்லிவிடுவாள், பிறகு மன்றம் எதற்கு என்றும் கேட்டார். வேந்தர் நெடுநேரம் யோசித்து, அப்படியானால் நாளை முதல் நாம் எதைப் பற்றிப் பேசுவது என்று வினவியருளினார். உங்கள் தூதரும் முதன்முறையாகத் துலாக்கிழாரின் பக்கம் சேர்ந்தார். குன்றன் களத்தில் விழுந்தால் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்ற கவலை அவருக்கு.

சண்டைக்கு இடம் வைக்கக் கூடாது என்பதற்காக, மூன்று தலைமுறை பேசியும் தீராதது அன்று பொழுது சாய்வதற்குள் தீர்ந்தது. எடைக்கு எடை முதல்வன் செம்பன், அடுத்தவன் குன்றன். செம்பன் கழுத்தில் மாலை விழுந்தது, முரசு முழங்கியது. செம்பன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சாமி, சண்டை என்னிக்கு?" என்று கேட்டான்.

வென்றவன் சண்டையிட வேண்டியதில்லை என்று துலாக்கிழார் அறிவித்தார்.

"நான் எப்பங்க ஜெயிச்சேன்?"

அவன் தோற்றால் மன்றம் பொய்யாகும், வென்றால் மன்றம் வீணாகும் என்று அவனுக்கு விளக்கப்பட்டது. மேலும், தீர்ப்பு இன்றைய எடைக்கு வழங்கப்பட்டது; அவன் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் செல்லாது. எனவே அவனைக் கீர்த்தி மாடத்தில் வைத்து, அளந்த சோறிட்டு, காலையும் மாலையும் நிறுத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. மாடத்துச் சுவர்களுக்குப் பஞ்சுமெத்தை அடிக்கப்பட்டுள்ளது. முட்டி தேயாது.

தேவருக்கு வேந்தரின் ஆணையாவது: குன்றன் அங்கு வந்து சேர்ந்ததும் நெய்யும் ஊனும் நிறையக் கொடுத்து, அவன் எடை இறங்காமல் பார்த்துக்கொள்க. உண்ண மறுத்தால் ஊட்டுக. இங்கு வரும் தென்திசைச் சாலையில் அவன் கால் வைத்தால் திருப்பி அழைத்துக்கொள்க. மீறினால் துறைச்சுங்கம் இரட்டிக்கும். அடுத்த கூட்டத்தில் மூன்றாம் இடம் யாருக்கு என்பது ஆராயப்படும், பெயர்களை அனுப்புக.

இது வேந்தர் திருவாய்மொழி, என் கை எழுத்து, ஆமை முத்திரை. முத்திரையை அரக்கில் பதிக்கும் இவ்வேளையில் முற்றத்தில் குன்றன் நின்று, "தம்பி, சோத்த விட்டுடாத, நான் வயித்தக் கட்டிட்டு வருவேன்" என்று கத்துகிறான். காவலர் அவனை அப்பால் தள்ளுகிறார்கள். மாடத்துப் படியில் செம்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வலக்கையை முட்டியாக்கி அவனுக்குக் காட்டினான். பின் உள்ளே அனுப்பப்பட்டான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, வெளியிலிருந்து பூட்டப்பட்டது.